மொன்றியலில் முதல் இலையுதிர் காலம்: பனி விழுவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

செப்டம்பரில் வந்து இறங்குகிறவருக்கு, கனடாவின் கெபெக் மாகாணத்து மொன்றியல் நகரம் ஒன்பது வாரம் அவகாசம் தருகிறது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம். அதோடு கோடையின் சோம்பல் கலைந்து ஊர் முழுவதும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் திரும்பிவிடும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்று மாலை 4.40 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். இடைப்பட்ட வாரங்களில் மேப்பிள் மரங்களைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டே பொழுதைக் கழித்துவிட்டு, டிசம்பரில் பூட்ஸுக்கு அலைந்தவர்களில் நானும் ஒருவன். திருச்சியிலிருந்து ஒரு செப்டம்பர் கடைசியில் வந்தேன். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அந்த வரிசைதான் இது.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் மாண்ட்ரியல். இங்கே பல ஆண்டுகளாக வாழும் ஈழத்தமிழர் எழுதுவது மொன்றியல். பிரெஞ்சுக்காரர் வாயில் நடுவே வரும் ‘ட்’ காணாமல் போய் மோன்ரேயால் ஆகிவிடும். மெட்ரோ அறிவிப்பில் அப்படித்தான் கேட்கும்.

படி 1: வீடு, அதாவது ‘பாய்’

பாய் விரித்துப் படுக்கும் முன் பாய் எழுத வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்கு இங்கே பிரெஞ்சில் அதுதான் பெயர், உச்சரிப்பும் அச்சு அசலாக அதேதான். வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் மாகாணத் தீர்ப்பாயம் வெளியிடும் படிவத்தில்தான் ஒப்பந்தம் எழுதவேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க முயலும் வீட்டுக்காரரிடம் படிவத்தைக் கேளுங்கள். அதில் ‘ஜி’ என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள்: கடந்த 12 மாதங்களில் அந்த வீட்டுக்கு வாங்கிய மிகக் குறைந்த வாடகையை வீட்டுக்காரர் அங்கே எழுதியிருக்க வேண்டும்.

இங்கே வாடகை ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கும். அன்று நகரமே வீடு மாறும். இலையுதிர் காலத்தில் வருகிறவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் நடுவில் காலியானவை, உள்வாடகைக்கு விடப்படுபவை, அல்லது நாலு பேர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஓர் அறை. அதனால் முதல் வீட்டைக் கனவு வீடாக நினைக்காதீர்கள். அடுத்த ஜூலை வரை தங்கும் இடம் என்று நினைத்து எடுங்கள்.

விளம்பரத்தில் 3½, 4½ என்று இருக்கும். சமையலறை, கூடம், படுக்கையறை எல்லாவற்றையும் எண்ணி, குளியலறையை அரையாகச் சேர்ப்பது இவர்கள் கணக்கு. ஆக, மூன்றரை என்பது ஒரு படுக்கையறை வீடு.

முன்பணம் விஷயத்தில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்கு இரண்டு மாதம் என்றால் மலிவாகத் தெரியும். கெபெக் சட்டப்படி வீட்டுக்காரர் முதல் மாத வாடகையை மட்டுமே முன்கூட்டிக் கேட்கலாம். பாதுகாப்பு வைப்புத்தொகை, சாவிப் பணம், பின்தேதியிட்ட காசோலைகள் எதையும் கேட்கக் கூடாது. நான் வீடு தேடியபோது ஒருவர், தான் வெளிநாட்டில் இருப்பதாகவும் பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் இனிக்க இனிக்க எழுதினார். வீட்டுக்குள் காலடி வைத்துப் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

விளம்பரத்தில் வரும் இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘ஷோஃபே’ என்றால் சூடேற்றும் செலவு வாடகையில் அடக்கம், ‘நோன் ஷோஃபே’ என்றால் அது உங்கள் தலையில். பக்கத்துத் தெரு வீட்டைவிட 60 டாலர் குறைவு என்று குதூகலித்து நான் எடுத்தது இரண்டாவது வகை. செப்டம்பரில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தேன். ஜனவரியில் வந்த மின் பில்லைப் பார்த்தபோது, அந்த 60 டாலரைச் சேர்த்து வைத்திருந்தால்கூடப் போதாது என்று புரிந்தது. அப்படிப்பட்ட வீடுதான் அமைந்தது என்றால், மின்சாரம் தரும் ஹைட்ரோ-கெபெக்கில் கணக்குத் தொடங்கும்போதே சமதவணைத் திட்டத்தைக் கேளுங்கள். ஆண்டுச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து வாங்குவார்கள். குளிர்கால பில் தலையில் இடியாக இறங்காது.

படி 2: அட்டைகள், எண்கள்

வேலைக்கு வேண்டிய சமூகக் காப்பீட்டு எண்ணை ஆங்கிலத்தில் சின் என்பார்கள், பிரெஞ்சில் நாஸ். மத்திய அரசின் சர்வீஸ் கனடா இலவசமாகத் தருகிறது. தற்காலிக அனுமதியில் வந்தவர்களின் எண் 9-இல் தொடங்கும். வீடு காட்டுகிறவரெல்லாம் இதைக் கேட்பார்கள், கொடுக்கத் தேவையில்லை. வேலை தருபவருக்கும் வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் உரியது அது.

அடுத்து மருத்துவ அட்டை. மாகாணத்தின் காப்பீட்டு வாரியம் தரும் அதில் சூரியன் உதிப்பது போன்ற படம் இருப்பதால் ‘சூரிய அட்டை’ என்றே பெயர். இதற்குத் தகுதியுள்ளவர்களுக்கும் மூன்று மாதம் வரை காத்திருப்புக் காலம் உண்டு. அதாவது செப்டம்பர் கடைசியில் விண்ணப்பித்தால் டிசம்பர் வரை கையில் காப்பீடு இல்லை, முதல் சளியும் காய்ச்சலும் வருவதோ அக்டோபரில். வந்த வாரமே விண்ணப்பித்துவிட்டு, இடைக்காலத்துக்குத் தனியார் காப்பீடு எடுங்கள். மாணவர்கள் நிலை வேறு: பிரான்ஸ், பெல்ஜியம் போன்ற சில நாடுகளோடு மட்டும் கெபெக்குக்கு ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. பல்கலைக்கழகம் சொல்லும் காப்பீட்டைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடி விடியும் வரை உட்கார்ந்திருக்காதீர்கள். 811-ஐ அழைத்தால் செவிலியர் ஒருவர் பேசுவார், எங்கே போக வேண்டும், போகத்தான் வேண்டுமா என்று சொல்வார். உயிருக்கு ஆபத்து என்றால் 911.

வங்கிக் கணக்கு ஒரு மணி நேர வேலை. வேலையில் சேரும் அன்று ‘ஸ்பெசிமென் த ஷேக்’ கேட்பார்கள். சம்பளம் போட வேண்டிய கணக்கு விவரம் உள்ள மாதிரிக் காசோலை அது. வங்கியின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

படி 3: திசை தெரிந்து நடப்பது

இந்த ஊரில் சூரியனை வைத்துத் திசை பார்த்தால் வழி தவறிப்போவீர்கள். செயின்ட் லாரன்ஸ் ஆறு ஓடும் போக்கை வைத்துக் கிழக்கு, மேற்கு என்று பெயரிட்டுவிட்டார்கள். இவர்கள் வடக்கு என்பது உண்மையில் வடமேற்கு. வாடகை வீட்டில் விளக்கேற்றக் கிழக்குப் பார்த்த மூலையைத் தேடுகிறவர்கள் தெருப் பெயரை நம்பாமல் கைபேசியில் திசைகாட்டியைப் பாருங்கள்.

ஆனால் முகவரிக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. சான் லோரான் பெருவீதிதான் நகரின் நடுக்கோடு. அதற்கு இரு பக்கமும் கதவு எண்கள் ஒன்றிலிருந்து தொடங்கி ஏறும். ஒரே தெருவில் 400 கிழக்கும் உண்டு, 400 மேற்கும் உண்டு. முகவரியில் ‘எஸ்ட்’ என்றால் கிழக்கு, ‘வெஸ்ட்’ என்று ஒலிக்கும் ‘ஊவெஸ்ட்’ மேற்கு. இதைக் கவனிக்காமல் முதல் நேர்காணலுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றவன் நான்.

மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் ஓபஸ் அட்டை வாங்குங்கள். மாதச் சீட்டு எந்தத் தேதியில் வாங்கினாலும் அந்த மாதம் முதல் தேதியிலிருந்து கணக்கு. வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரை. எனவே 20-ஆம் தேதி வந்து இறங்கியவர் மாதச் சீட்டு வாங்குவது காசைக் கரியாக்குவது. மெட்ரோவில் பச்சை, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று நான்கு தடங்கள். பலகைகளில் கடைசி நிலையத்தின் பெயரைப் போட்டே திசை சொல்வார்கள். உங்கள் தடத்தின் இரண்டு முனைகளின் பெயர் தெரிந்தால் போதும்.

1966 அக்டோபரில் திறந்த இந்த மெட்ரோ ரப்பர் சக்கரத்தில் ஓடுகிறது. முழுவதும் நிலத்துக்கு அடியில். பனிப்புயல் அன்றும் ஓடும் என்பதால் வீடு எடுக்கும்போது நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்று நடந்தே பாருங்கள். செப்டம்பரில் பத்து நிமிடம் என்பது பிப்ரவரியில் இருபது.

நிலையக் கதவுகள் தனிக் கதை. மற்ற கதவுகள்போல் ஓரத்தில் கீல் இருக்காது. நடுவில் அச்சு, இரண்டு பக்கமும் சுழலும். ரயில் தள்ளிக்கொண்டு வரும் காற்று படிக்கட்டு வழியே ஏறி வந்து சாதாரணக் கதவைத் திறக்கவிடாது என்பதால் இந்த ஏற்பாடு. முதல் நாள் நான் அச்சுக்கு நேராகக் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே நின்றேன், கதவு அசையவில்லை. பின்னால் வந்த பாட்டி ஓரத்தில் ஒரு விரலை வைத்தார். அது திரும்பியது, நானும் அதோடு திரும்பினேன். விளிம்பைத் தள்ளுங்கள், பின்னால் வருகிறவருக்காக ஒரு நொடி பிடித்துக்கொள்ளுங்கள். வேறு கதவுகளில் ‘புஸே’ என்றால் தள்ளு, ‘திரே’ என்றால் இழு.

படி 4: வாயைத் திறப்பது

கடைக்குள் நுழைந்ததும் ‘பொன்ஜூர்-ஹாய்’ என்பார்கள். எந்தச் சொல்லில் பதில் சொல்கிறீர்களோ அந்த மொழியில் பேச்சு தொடரும். ‘ஹாய்’ என்று தப்பித்துக்கொள்வது சுலபம். அப்படியே தப்பித்துப் பத்து ஆண்டு ஓட்டியவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு வேலை உயர்வு வரும்போதெல்லாம் பிரெஞ்சு குறுக்கே நிற்கிறது. ‘பொன்ஜூர்’ சொல்லிவிட்டு, ‘ஜாப்ரான் ல ஃப்ரான்ஸே’, பிரெஞ்சு கற்றுக்கொண்டிருக்கிறேன், என்று சேருங்கள். எதிரே இருப்பவர் வேகத்தைக் குறைத்துவிடுவார்.

2022-இல் நிறைவேறிய மொழிச் சட்டத்தின்படி, வந்து ஆறு மாதம் கழிந்த குடியேறிகளோடு மாகாண அரசு அலுவலகங்கள் பிரெஞ்சில்தான் தொடர்பு கொள்ளும். மருத்துவம், பொதுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. செப்டம்பரில் வந்தவருக்கு மார்ச்சில் கெடு. ‘ஃப்ரான்சிசாசியோன் கெபெக்’ என்ற அரசு அமைப்பு இலவசமாக வகுப்பு நடத்துகிறது. முழுநேரம், பகுதிநேரம், இணையவழி என்று வகைகள் உண்டு. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் இன்றே பெயர் கொடுங்கள்.

சென்னையிலோ புதுச்சேரியிலோ பிரெஞ்சு படித்து வந்தவர்கள் சாப்பாட்டு வேளையில் தடுமாறுவார்கள். அங்கே பாடத்தில் ‘தெஜெனே’ மதிய உணவு, ‘தினே’ இரவு உணவு. இங்கே ‘தெஜெனே’ காலை, ‘தினே’ மதியம், இரவுக்கு ‘சூப்பே’. தினேவுக்கு வா என்று அழைத்த நண்பர் வீட்டுக்கு மாலை ஏழு மணிக்கு இனிப்புப் பெட்டியோடு போய் நிற்காதீர்கள். நன்றி சொன்னால் ‘பியான்வன்யூ’ என்பார்கள். நல்வரவு இல்லை, ‘பரவாயில்லை’ என்று பொருள். மூலைக்கடை ‘தெபனேர்’. வார இறுதி ‘ஃபான் த ஸ்மென்’.

பிள்ளைகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம். 1977-ஆம் ஆண்டின் மொழிச் சாசனப்படி குடியேறிகளின் குழந்தைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர வேண்டும். தற்காலிக அனுமதியில் வந்தோருக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. மொழி தெரியாத பிள்ளைகளுக்கென்று வரவேற்பு வகுப்பு இருக்கிறது. கிறிஸ்துமஸ் வருவதற்குள் உங்கள் உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

படி 5: வெங்காயம் போல உடுத்துவது

‘பெல்யூர் தோன்யோன்’ என்று இவர்களே சொல்வார்கள்: வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக. அக்டோபர் காலையில் 3 டிகிரி, மதியம் 15, மெட்ரோவுக்குள் வியர்க்கும். ஒரே தடிமனான கோட்டை மாட்டிக்கொண்டால் கழற்றவும் முடியாது, இருக்கவும் முடியாது. உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். அடியில் பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையை வைத்துக்கொண்டு முதுகைச் சில்லிட வைக்கும்.

பெரிய கோட்டை ஊரிலிருந்து தூக்கி வராதீர்கள். வாங்கும் வரிசை: முதலில் பூட்ஸ், பிறகு கோட், பிறகு மற்றவை. தடித்த காலுறைக்கு இடம் இருக்குமாறு பூட்ஸை மாலையில், காலுறை போட்டுப் பார்த்து வாங்குங்கள். கோட் இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும், தலைமூடி இருக்க வேண்டும், மணிக்கட்டில் காற்று நுழையக் கூடாது. ‘டூக்’ எனும் கம்பளித் தொப்பியும், விரல்கள் சேர்ந்திருக்கும் ‘மிட்டென்’ உறையும் வேண்டும். ஐந்து விரல் கையுறையைவிட மிட்டெனில்தான் கை சூடாக இருக்கும்.

வில்லாஜ் தே வலேர், ரெனசான்ஸ் போன்ற பழைய துணிக் கடைகளில் வெட்கப்படாமல் நுழையுங்கள். ஊர்க்காரர்களும் அங்கே வாங்குகிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் போனால் நல்ல கோட் கிடைக்கும். முதல் பனிக்கு மறுநாள் போனால் மிஞ்சியது கிடைக்கும். பட்டியில் எழுதிய விலையோடு வரி 14.975 விழுக்காடு சேரும் என்பதை நினைவில் வையுங்கள்: 20 டாலர் கையுறைக்குக் கவுண்டரில் 23 டாலர். அரிசி, காய்கறி போன்ற அடிப்படை உணவுப் பொருளுக்கு இந்த வரி இல்லை.

அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ திடீரென்று இரண்டு மூன்று நாள் வெயில் அடிக்கும். அதற்கு ‘இந்தியக் கோடை’ என்று பழைய பெயர். இந்தக் கண்டத்துப் பூர்வகுடிகளைக் குறித்த சொல் அது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குளிர் போய்விட்டது என்று நம்பிப் பூட்ஸ் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 6: சூடும் தாளிப்பும்

சுவரோரம் தரையை ஒட்டி நீளமாகத் தகரப் பெட்டி போல இருப்பது மின்சூடேற்றி, ‘ப்ளாந்த்’. குளிர் வரும் முன்பே ஒரு நாள் அதைப் போட்டுப் பாருங்கள். கோடை முழுவதும் படிந்த தூசு கருகி முதல் அரைமணி நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். அதற்கு முன் தூசியைத் துடைத்துவிட்டால் இன்னும் நல்லது. கட்டிலையும் திரைச்சீலையையும் அதன் மேல் படாமல் தள்ளி வையுங்கள். வீட்டில் 21 டிகிரி நிலைநிற்கும் அளவுக்குச் சூடேற்றும் வசதி இருக்கவேண்டும் என்பது நகர விதி. பழைய ஜன்னலில் காற்று கசிந்தால் சாமான் கடையில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் கிடைக்கும். சட்டத்தில் ஒட்டி, முடி உலர்த்தியால் சூடு காட்டினால் மேளத்தோல் போல விறைத்து நிற்கும்.

ஜன்னலை மூடிய பிறகுதான் நம் சமையலின் சுயரூபம் தெரியும். நான் குடிவந்த இரண்டாம் வாரம், ரசத்துக்கு எண்ணெயில் கடுகு வெடித்து, இரண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். கூரையில் இருந்த புகை எச்சரிப்பான் அலறத் தொடங்கியது. கரண்டியைப் போட்டுவிட்டு நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறுகிறேன். இருமல் ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம். கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைச் சுளிக்காமல், ‘ஸா ஸான் போன்’, நல்ல மணம், என்றாரே தவிர அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மறுநாள் அவருக்கு ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தேன். எச்சரிப்பானின் மின்கலத்தைக் கழற்றிவிடும் வழக்கம் நம்மவர் பலரிடம் உண்டு. மரத்தால் கட்டிய ஊர் இது, தயவுசெய்து செய்யாதீர்கள். தாளிக்கும் முன் அடுப்பின் மேலுள்ள புகைபோக்கியைப் போடுங்கள், மிளகாய் விழும் நேரம் மட்டும் ஜன்னலைத் திறங்கள். தீபாவளி பெரும்பாலும் இதே பருவத்தில் வரும். இங்கே அது வேலை நாள். அகல் ஏற்றுகிறவர்கள் எச்சரிப்பானுக்கு நேர் கீழே ஏற்ற வேண்டாம். மத்தாப்புக்குப் பதில் கோயில் உண்டு: தீவின் மேற்கே தொலார்-தே-ஸோர்மோவில் திருமுருகன் ஆலயம்.

மளிகைக்குப் பார்க் எக்ஸ்டென்ஷன், கோட்-தே-நேஜ் பகுதிகளில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன; கறிவேப்பிலை, முருங்கைக்காய் வரை கிடைக்கும். ஆனால் இந்தப் பருவத்தில் ஜான் தலோன் சந்தைக்கு ஒருமுறையாவது போங்கள். பூசணி வகைகள் குவிந்து கிடக்கும்; சாம்பாருக்கு ஆரஞ்சு நிறச் சதையுள்ள ‘பட்டர்நட்’ நம் பரங்கிக்காய்க்கு வெகு பக்கம். அக்டோபரில் வரும் கிரான்பெர்ரி நல்ல புளிப்பு. நல்லெண்ணெய், வெந்தயப் பொடி, பெருங்காயம் போட்டுச் சுண்டினால் மாங்காய்த் தொக்கை மறக்கடிக்கும். ஆப்பிளில் மெக்கின்டோஷ் சீக்கிரம் குழையும், கோர்ட்லண்ட் நறுக்கி வைத்தாலும் எளிதில் கறுக்காது. பிள்ளைகளின் டிபன் பெட்டிக்கு இரண்டாவதுதான். தோட்டத்திலேயே பறிக்க ஆசை என்றால் செப்டம்பரில் ரூஷ்மோன் பக்கம் போகலாம்.

படி 7: அக்டோபர் நடுவில் ஒரு நாள் விடுப்பு

மேலே சொன்னவற்றில் பாதி முடிந்திருந்தால், அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி தின விடுமுறையில் மோன் ருவாயால் குன்றில் ஏறுங்கள். நிறம் உச்சத்தில் இருப்பது ஏறத்தாழ அந்த நாட்களில்தான். உயரம் 233 மீட்டர், நம் மலைக்கோட்டையைவிட மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் படிகள் இல்லாத வளைந்த பாதை உண்டு. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃப்ரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட் வரைந்த பூங்கா இது, 1876-இல் திறந்தார்கள். பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்தால் மேப்பிள் இலையில் பச்சையம் வடிந்து சிவப்பு ஏறும்; மழை நாட்கள் தொடர்ந்தால் அந்த ஆண்டு நிறம் மங்கிவிடும். இறங்கும்போது நனைந்த இலைகளில் கால் வைப்பதைக் கவனியுங்கள், வாழைப்பழத்தோல் கெட்டது.

நவம்பர்: கடைசி வேலைகள்

கடிகாரம் மாறியதும் முதல் வாரம் மனம் கனக்கும். வேலை முடிந்து வெளியே வந்தால் இரவு. மதிய இடைவேளையில் இருபது நிமிடம் வெளியே நடந்துவிடுங்கள். அன்றைய வெளிச்சம் அவ்வளவுதான். கார் வைத்திருப்பவர்கள் டிசம்பர் 1-க்குள் குளிர்கால டயர் மாட்டியாக வேண்டும், மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம்; பட்டறைகளில் அக்டோபரிலேயே நேரம் குறித்துவிடுங்கள்.

வாசலுக்கு உள்ளே பூட்ஸ் வைக்க விளிம்புள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு வாங்குங்கள். இங்கேயும் நம் ஊர்போல வீட்டுக்குள் செருப்போடு நடக்க மாட்டார்கள். நடைபாதையில் தூவும் உப்பு பூட்ஸில் வெள்ளைக் கோடாகப் படியும். தண்ணீரும் வினிகரும் கலந்து, பழைய துணியால் அன்றிரவே துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் தோல் வறண்டு வெடிக்கும்.